கதவில்லாத வீடு

கென்னடி ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் வரிசையில் நின்ற இரண்டு தமிழ் மாணவிகளில் ஒருத்தி சொன்னாள்:

"அவன் வீட்டைக் கட்டி முடிச்சிட்டானடி."

"ஆர்?"

"என்னோடை படிக்கிற சைனீஸ் பெட்டை லிங் வாசிக்கிற இன்ரநெற் பக்கத்திலை கவிதை எழுதுற பெடியன். அங்கை ஆரையும் நக்கலடிச்சா, செங்கல் எறியிறது எண்டு சொல்லுவினம். சும்மா பகிடிக்கு."

"நீயும் எறிஞ்சனியோ?"

"ஓம், லிங்கைக் கொண்டு சைனீஸிலை எழுதுவிச்சு ஒண்டு எறிஞ்சன். அவன் கோவிக்கவே மாட்டான். ஒவ்வொரு நக்கலுக்கும், 'நன்றி, சுவரிலை வைச்சிட்டன்' எண்டு பதில் போடுவான். முதல் சுவர் முழங்கால் மட்டும் வந்திட்டுது எண்டான். பிறகு கழுத்து மட்டும் எண்டான்."

"நல்ல பகிடிக்காரன்."

"நாங்களும் அப்பிடித்தான் சிரிச்சனாங்கள். கடைசியா, 'வீடு முடிஞ்சுது, கதவு வைக்க மறந்திட்டன், நான் உள்ளுக்கை நிக்கிறன்' எண்டு எழுதினான். பிறகு ஒரு சத்தமும் இல்லை."

ஒட்டுக் கேட்பது சரியில்லை என்று என் குழந்தையின் தள்ளுவண்டிப் பக்கம் குனிந்தேன். ஆனாலும் கேட்டது.

"ஒருத்தரும் தேடேல்லையோ?"

"பேரும் தெரியாது, ஊரும் தெரியாது, எங்கை தேடுறது? அவங்கள் இன்னும் செங்கல் எறிஞ்சுகொண்டுதான் இருக்கிறாங்கள். 'சோம்பேறி, வெளியிலை வா' எண்டு."

பஸ் வந்து கதவு திறந்தது.

"கடைசி ஓட்டையை மூடினது ஆற்றை செங்கல் எண்டும் எழுதியிருந்தவன்."

"ஆற்றை?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். தள்ளுவண்டிக்கு இடமிருந்தது. ஆனாலும் அவளோடு ஏற மனமில்லாமல் நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.