பன்னிரண்டாம் காட்சிக்கு ஒரு திருத்தம்

நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, போட்டது போட்டதாக இருக்கட்டும், குடிக்கிறேன்.

வன்னியில், தர்மபுரத்தில் காணி கிடைத்து நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்பது வருடமாகிறது. பகலில் வயல், மிச்ச நேரமெல்லாம் எழுத்து. இரண்டு வருடம் குந்தியிருந்து ஒரு படத்துக்குத் திரைக்கதை எழுதினேன். கொழும்பில் ஒரு முதலாளி அதைப் படமாக்கச் சம்மதித்தார். ஆனால் வன்னிக் கதை என்பதால், வன்னியில் பிறந்த ஒருவர் படித்துச் சரி சொல்ல வேண்டுமாம். எங்கள் சங்கக்கடை மனேச்சர் மயில்வாகனம் இந்த மண்ணில் பிறந்தவர், அந்த முதலாளியோடு ஒன்றாகப் படித்தவர். திரைக்கதைக் கொப்பி அவரிடம் போயிற்று.

குறை சொல்வதென்றால் மயில்வாகனத்தாருக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவது மாதிரி. சிவப்பு மையால் பதினான்கு எழுதினார். பன்னிரண்டை நான் முணுமுணுக்காமல் திருத்தினேன். மற்ற இரண்டும் பன்னிரண்டாம் காட்சியைப் பற்றியவை.

பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்து, கால் தட்டினால் வெடிக்கிற மாதிரிப் பன்றிக்குத் துவக்குக் கட்டுகிறவன், மனிதர் விலகிப் போகட்டும் என்று பாதையில் இலையோடு ஒரு பச்சைக் குழையை முறித்துத் தொங்கவிடுவான். இங்கே அது எழுதாத சட்டம். என் வில்லனும் பழி வராமலிருக்கக் குழை கட்டுகிறான். எதிரி அதைக் கண்டும் நடந்து போய்ச் சுடுபட்டுச் சாகிறான்.

அரிசிக்கு வந்த சனத்துக்கு முன்னால் மயில்வாகனத்தார் அதை உரத்து வாசித்தார்.

"குழையைக் கண்டும் காலை வைக்க அவன் என்ன விசரனோ? செத்துக்கொண்டு ரெண்டு பக்கம் வசனமும் பேசுறான். யோகலிங்கம், நீர் காட்டையும் காணேல்லை, சாவையும் காணேல்லை."

சனம் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

"யோசிச்சுப் பாக்கிறன் அண்ணை" என்றேன்.

"யோசிக்க ஒண்டுமில்லை. இந்தப் படம் சரிவராதெண்டு திங்கட்கிழமை கொழும்புக்கு எழுதிப் போடுவன்."

அன்றைக்குச் செவ்வாய். யோசிக்க நாள் இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. குழையைக் கண்டும் நடக்க ஒரு காரணம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். காட்டுக்குள் போகிறவர்கள் ஐயனார் கல்லுக்கும் குழைதானே முறித்து வைக்கிறார்கள்?

காடு வெட்டிப் பயிர் வைத்த தன் சேனைக்கு அவர் ஞாயிறுதோறும் போகும் பாதையில் ஒரு கல்லை நட்டுத் திருநீறு பூசி, இரண்டு செம்பரத்தம்பூ வைத்தேன். நாலு நாளில் பக்கத்துக் கொப்பில் பத்துக் குழை தொங்கியது. யார் நட்ட கல் என்று ஒருவரும் கேட்கவில்லை. விறகுக்குப் போகும் பெண்கள் அதைக் கும்பிட்டபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஞாயிறு காலை, விறகுக்காரர் திரும்பிய பிறகு, கல்லுக்கு இருபது அடி தள்ளித் துவக்கைக் கட்டினேன். பன்றிக்கு முழங்கால் உயரம் போதும். நான் சற்று மேலே கட்டினேன். பிறகு முறைப்படி ஒரு குழை முறித்து, அந்தப் பத்தோடு பதினொன்றாகத் தொங்கவிட்டேன்.

மயில்வாகனத்தார் வந்தார். கல்லைக் கண்டதும் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். பாலை மரத்தில் ஒரு குழை முறித்து, என்னுடையதற்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டார். கும்பிட்டார். நடந்தார். இருபதாவது அடியில் துவக்கு வெடித்தது.

நான் பற்றைக்குள்ளிருந்து எழும்பிக் கிட்டப் போனேன்.

"இப்ப நம்பக்கூடியதா இருக்கோ அண்ணை?"

"தண்ணி" என்றார். மூன்று தரம் அதையேதான் சொன்னார். என் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. கொடுத்திருந்தால் காட்சி நீண்டிருக்கும். வசனம் அதிகம் என்று அவர் சொன்னது முழுக்கச் சரி. அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தே அந்த இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டு, ஒரு சொல்லை மட்டும் விட்டேன். அவர் அடங்க எனக்கு அந்த வேலையும் முடிந்தது.

ஓம் ஐயா, கொன்றது நான்தான். ஆனால் குழை கட்டிவிட்டுத்தான் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கோ.

திருத்திய காட்சி உங்கள் மேசையில் கிடக்கிற கொப்பியில் இருக்கிறது. ஆறுதலாக வாசியுங்கோ. பிழை ஏதும் கண்டால் தயங்காமல் சொல்லுங்கோ. குறை சொன்னால் கோபிக்கிற ஆள் நான் இல்லை.