கிரானைட் தெரு இரும்பு நட்சத்திரங்கள்

செவுத்துல இருக்குற இந்த இரும்பு நட்சத்திரமா? அழகுக்கு வெச்சதுன்னு எழுதிட்டீங்களா? அடிச்சிருங்க தம்பி அத. இந்த ஊர்ல ஒருத்தன் அப்படித்தான் நெனச்சான். என் தம்பி மிலோ செத்தான்.

இல்ல, உங்க மேல கோவமில்ல. என் கொரலே அப்படித்தான். நாப்பது வருஷமா செங்கல் வேல. இந்த பியூட் ஊர்ல நீங்க இன்னைக்குப் படம் புடிச்ச கட்டடத்துல பாதி என் கை பட்டதுதான். அந்தத் தூண் வெச்ச பேங்க், சிங்க மூஞ்சி ஓட்டல், எல்லாம் முன்னால நின்னு பாத்தா ராஜா வீடுதான். பின்னால சந்துக்குள்ள போய்ப் பாருங்க. சுரங்கத்துல தாமிரம் கொட்டுன காலத்துல அவசர அவசரமா ஏத்துனது, வெரலால சொரண்டுனாலே சுண்ணாம்பு உதிரும். அந்தச் செவுரு வெளிய சாயாம புடிச்சு நிறுத்துறதே இந்த நட்சத்திரந்தான். இதுக்குப் பின்னால ஒரு நீளக் கம்பி உள்ள போயி மாடித் தரையத் தாங்குற மரக் கட்டையக் கவ்விக்கிட்டு இருக்கு. இது அதோட பூட்டு.

அந்தா, கார் நிக்குற காலி எடம் தெரியுதா? அங்க மூணு மாடி இருந்துச்சு. கென்ட்ரிக்னு ஒரு எடுபட்ட பய வாங்கிப் போட்டிருந்தான். மேலத் தெருவுல சாப்பாட்டுக் கட ஒண்ணு புதுசாத் தொறந்தான். புதுசு பழசாத் தெரியணும்னு அவனுக்கு ஆச. இங்கேருந்த பதினோரு நட்சத்திரத்தையும் கழட்டிக் கொண்டாரச் சொல்லி, அங்க மேசைக்கு மேல மாட்டிக்கிட்டான்.

கழட்டுன நாலாம் நாள் மத்தியானம் மலையிலேருந்து காத்து எறங்குச்சு. மிலோ அந்தச் செவுத்தடியில ஒக்காந்து கறி அடைச்ச பாஸ்டி ரொட்டி தின்னுக்கிட்டிருந்தான். மூணு மாடிச் செவுரும் மொத்தமா வந்துச்சு. வெறுங்கையாலயே தோண்டுனேன், நகம் பேந்துருச்சு. மொதல்ல பூட்ஸ் கெடச்சுது. உள்ள கால் இருந்துச்சு. மிச்சத்தச் சொல்லல, நீங்க இப்பதான் சாப்பிட்டுட்டு வந்திருக்கீங்க.

கேஸா? காத்துல விழுந்துச்சுன்னு எழுதி மூடிட்டாங்க. அடக்கம் முடிஞ்ச கையோட நான் நேரா அவன் கடைக்குப் போனேன். ஜனம் சாப்பிட்டுக்கிட்டிருக்கு. செவுத்துலேருந்து ஒரு நட்சத்திரத்தப் பிடுங்கி அவன் வாயிலயே ஒரு போடு போட்டேன். தாட ஒடஞ்சு தொங்குச்சு. அப்பவும் விடல. பல்லு சூப்புல கெடக்கு. மூணு பேர் சேந்து இழுத்தாங்க என்ன. பதினாலு மாசம் ஜெயில்.

வெளிய வந்தா ஊரே தோள்ல தட்டிக் குடுக்குது. தம்பிக்காக நின்ன அண்ணன்னு பேரு. எந்த பாருக்குப் போனாலும் எவனாவது ஊத்திக் குடுத்துருவான்.

கென்ட்ரிக்கா? இருக்கான். எதையும் மெல்ல முடியாது, கரைச்சுத்தான் குடிக்கிறான். பேச்சும் வெளங்காது. அன்னிக்கு என்னப் பாத்ததும் என்னமோ சொல்ல வாயத் தொறந்தான். அது வெளிய வந்துரக் கூடாதுன்னுதான் மொத அடியே வாயில அடிச்சேன்.

ஏன்னா, அவனுக்கு ஸ்பானர் புடிக்கவே தெரியாது. பதினொண்ணையும் நாந்தான் கழட்டுனேன். அது எதுக்கு இருக்குன்னு தெரிஞ்சேதான். நூறு வருஷம் நின்ன செவுரு எங்க போயிரப் போவுதுன்னு ஒரு திமிரு. மிலோதான் கீழ ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னான். செவுரு நிக்குமா அண்ணேன்னு ரெண்டு தடவ கேட்டான். வாய மூடிக்கிட்டுப் புடிடான்னேன்.