ஹெட்ஃபோனுக்குள் ஒரு மண்டபம்

பாத்ரூமில் பாடினால் யாருக்கும் தன் குரல் பிடித்துப்போகும், ஐயா. உங்களுக்கும்தான். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து நம்மைத் தாங்கிக்கொள்ளும். ஒலிப்பதிவு அறையில் அந்தத் தாங்கல் கிடையாது, சுவரெல்லாம் பஞ்சு. அதனால் பாடுகிறவரின் ஹெட்ஃபோனில் மட்டும் கொஞ்சம் ரிவெர்ப், அதாவது எதிரொலி மாதிரி ஒன்று, சேர்த்துக் கொடுப்போம். மெஷினுக்குள் ஒரு பொய் மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் எவ்வளவு பெரிது, சத்தம் அடங்க எவ்வளவு நேரம், எல்லாம் நாம் வைப்பதுதான். பதிவாகும் குரலில் அது சேராது.

என் மனைவிக்கு அந்த மண்டபத்தைக் கட்டிக்கொடுத்தவன் நான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் ஸ்டுடியோவில்தான் பாடுவாள். "எனக்கு எவ்வளவு வேணும்னு உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே வைங்க" என்பாள். குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி கைப்பக்குவமாக வைப்பேன். ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பிறகு ஒரு பெரிய இசைக்குழு அவளைக் கூப்பிட்டது. நாடு நாடாக இரண்டு வருஷம். மாதிரிப் பாட்டு அனுப்பினால் போதும் என்றார்கள். "நீங்களும் வாங்களேன்" என்றாள். அங்கே அவர்களுக்கென்று ஒலிப்பதிவாளர் இருந்தார். நான் போனால் பெட்டி தூக்கலாம். அவள் அண்ணன்கூட, "மாப்பிள்ளை, இனிமே வீட்டு வேலையெல்லாம் உங்க தலையிலதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது உண்மை. ஆனால் அதற்காகச் செய்யவில்லை. அவளைப் பிரிந்து இருக்க முடியாது என்றுதான் செய்தேன். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

மாதிரிப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது ரிவெர்பின் சுருதியைத் துளி இறக்கி வைத்தேன். தன் குரல் தாழ்ந்து திரும்பி வந்தால், பாடுகிறவரும் தன்னையறியாமல் அதன் பின்னால் இறங்கிவிடுவார். அடுத்த தடவை இன்னொரு துளி. சத்தம் அடங்கும் நேரத்தையும் நீட்டினேன். ஒரு ஸ்வரம் ஓய்வதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் விழுந்தது. பிறகு பதிவை வெறுங்குரலாகப் போட்டுக் காட்டுவேன். சுருதி விலகியிருக்கும். அதில் பொய் இல்லை, அவள் பாடியதுதான். வேறு யாராவது செய்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பாள். என்மேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, தன்மேல் வந்தது.

வீட்டில் பாடிப் பார்ப்பாள். சுத்தமாக இருக்கும். "இப்பவும் இறங்குதா?" என்று கேட்பாள். "லேசா" என்பேன்.

எட்டிப் பிடிக்கிறேன் என்று கத்திக் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டாள். உள்ளே சின்ன வீக்கம், ஓய்வு கொடுத்தாலே வற்றிவிடும் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் குரல் மாறினாலும் மாறும் என்றார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. ஓய்வு எடுத்தா என் பாட்டு பழையபடி வருமா?"

"வராதும்மா" என்றேன்.

அறுவை நடந்தது. இப்போது அவள் பேசினால் கரகரவென்று காற்றுதான் அதிகம் வரும். இசைக்குழு வேறொருத்தியை அழைத்துக்கொண்டு போய்விட்டது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், தலை வாரிவிட்டேன், அவளுக்காகப் போனில் எல்லோரிடமும் நானே பேசினேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான நாட்கள் வந்ததில்லை.

ஒருநாள் புதிதாக ஒரு பெண் பாட வந்தாள். பழக்கதோஷத்தில் என் மனைவிக்கு வைத்திருந்த அமைப்பையே திறந்துவிட்டேன். அந்தப் பெண் ஒரு வரி பாடிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "என்னண்ணா, ரிவெர்ப் இப்படிச் சுருதி இறங்கி வருது? இதக் கேட்டுக்கிட்டு யாரால பாட முடியும்?" அப்போது என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து நின்றிருந்தாள். ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டு, மைக்கின் முன் கரகரத்த குரலில் ஒரே ஒரு ஸ்வரம் பிடித்தாள். அது அடங்கும்வரை நின்று கேட்டாள். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். உங்களிடம் புகார் கொடுத்தவர் அவர்தான். சொன்னது அத்தனையும் உண்மை, நான்தான் செய்தேன்.

ஒரு விஷயம் மட்டும் கவலையாக இருக்கிறது, ஐயா. இரண்டு முறை அவளைப் பார்க்கப் போனேன். குக்கர் விசிலுக்குத் திரும்புகிறாள், வாசல் மணிக்குத் திரும்புகிறாள். நான் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. காதில் நிஜமாகவே ஏதோ கோளாறு வந்திருக்கிறது. நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள்.