அடுப்புக்குள் அடைத்த கோதுமை

சத்தம் கடல் பக்கமிருந்து வருகிறது. முதலில் வண்டு மாதிரி. பிறகு தகரத்தைக் கிழிப்பது மாதிரி. நான் காஜா பேராங் சாலையில் நிற்கிறேன். தலையில் மாவு மூட்டை. பின்னால் என் கணவர் ஆறுமுகம். தோளில் கோதுமை.

"லோங்காங்குல எறங்கு! கமலா, எறங்கு!"

சாலையோரக் கால்வாயில் விழுகிறேன். முழங்கால் வரை சேறு. மூட்டையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. ஜப்பான் விமானம் போட்ட குண்டில் ஆற்றுப் பக்கம் நிலம் மூன்று முறை அதிர்ந்தது. எண்ணினேன். பிறகு நாய்கள் குரைத்தன. பிறகு ஒன்றும் இல்லை.

1942. ஜனவரி. பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது.

ஆறுமுகம் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தார். முதலாளி சிங்கப்பூருக்கு ஓடும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். இருப்பதை எடுத்துக்கொள், ஜப்பான்காரனுக்கு விடாதே என்றாராம். அதைத்தான் சுமந்தோம்.

வீட்டுக்குப் பின்னால் அவர் கட்டிய மண் அடுப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுடுவார். அன்று நெருப்பு மூட்டவில்லை. கோதுமையை மூன்று நாள் வெயிலில் பரப்பினோம். எங்கள் மகள் தனத்துக்கு அப்போது நான்கு வயது. ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். டக்கென்று உடைந்தது.

"காஞ்சிருச்சுப்பா!"

சதுர பிஸ்கட் டின்கள். மாவை இரும்புச் சட்டியில் லேசாகச் சூடுகாட்டி, நன்றாக ஆறவிட்டு, காற்று நிற்காதபடி கையால் அழுத்தி நிரப்பினார். கோதுமைக்கு நடுவில் காய்ந்த வேப்பிலை. மேலே ஒரு மெழுகுவர்த்தித் துண்டைக் கொளுத்தி வைத்து மூடினார். உள்ளே இருக்கும் காற்றைத் தின்றுவிட்டு அது தானே அணையும். மூடியின் விளிம்பெல்லாம் மெழுகு. மாவு நான்கு டின். கோதுமை இரண்டு. ஆறையும் அடுப்புக்குள் தள்ளி, வாயைச் செங்கல் வைத்துப் பூசினோம்.

"மாவ மொதல்ல திங்கணும். வருசம் தாண்டினா சிக்கு வாடை வந்துரும். கோதுமை அப்படியில்ல. அரைக்காத வரைக்கும் உசுரோட இருக்கும். அத நான்தான் எடுப்பேன்" என்றார்.

வாரம் ஒரு ரொட்டி. கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவு. இரும்புச் சட்டிக்குள் வைத்து, மூடி மேல் தணல். அடுப்பைத் திறக்கும் நாளெல்லாம் மறுபடி மண் குழைத்துப் பூசினோம்.

1943. காலை. லாரியின் உறுமல். யாரோ கத்துகிறார்கள்.

"ஆள் புடிக்கிறான்! ஓடு!"

அவர் ஓடவில்லை. ஓடினால் வீட்டுக்குள் வருவார்கள். லாரியில் ஏற்றினார்கள். சயாமுக்கு, ரயில் பாதை போட. வண்டி நகரும்போது ஒரே ஒரு வார்த்தை கத்தினார்.

"அடுப்பப் பாத்துக்க, கமலா!"

அதன் பொருள் எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். வீட்டில் மூன்று பேர் மிஞ்சினோம். நான், தனம், அவருடைய தங்கை பட்டு.

1944. கடைசி மாவு டின்னில் வண்டு. சலித்துச் சலித்துத் தின்றோம். தீர்ந்தது. பிறகு மரவள்ளி. காலையும் மரவள்ளி, மாலையும் மரவள்ளி. ஒரு மத்தியானம் மழை பெய்தது. அரைக்கும் சத்தம் கேட்டால் தானியம் பதுக்கியிருக்கிறோம் என்று சோதனைக்கு வருவார்கள். மழைச் சத்தத்தில் கேட்காது என்று காய்ந்த மரவள்ளியைத் திருகையில் அரைத்தோம். மழை சட்டென்று நின்றது. திருகை நிற்கவில்லை. கர், கர், கர். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவின் குடும்பம் பல தலைமுறையாக மலாய்தான் பேசும், அவருக்குத் தமிழ் வராது. வேலியோரம் நின்று மலாயில் கத்தினார்.

"ஜெபுன் டாத்தாங்! ஜெபுன் டாத்தாங்!"

ஜப்பான்காரன் வருகிறான். பூட்ஸ் சத்தம். இரண்டு பேர். வீட்டையே கொட்டிக் கவிழ்த்தார்கள். பட்டுவின் கன்னத்தில் அறைந்தார்கள். திருகைக் கல்லைக் கிணற்றில் எறிந்தார்கள். அடுப்பைப் பார்த்தார்கள். குளிர்ந்து கிடந்தது. போய்விட்டார்கள்.

அந்த மாதமே தனத்தின் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. குழி எழும்பவில்லை.

பட்டு கேட்டாள். "அண்ணி, அந்தக் கோதுமைய அரைக்க வேணாம். அவிச்சாவது குடுப்போமே."

"உங்கண்ணன் வந்துரட்டும்."

நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அந்த டின்னைத் திறந்தால் அவர் வரமாட்டார் என்று எனக்குள் ஒரு பயம். அதைப் பட்டுவிடம்கூடச் சொல்லவில்லை. வீக்கம் வயிற்றுக்கு ஏறியது. தனத்துக்கு மூச்சு வாங்கியது. ஒரு காலை, எட்டு மணி இருக்கும். "அம்மா, உக்காரவை" என்றாள். உட்காரவைத்தேன். என் தோளில் சாய்ந்தாள். மூச்சுச் சத்தம் நின்றது. வெளியே சேவல் கூவிக்கொண்டிருந்தது.

1945. ஜப்பான்காரன் போய்விட்டான். சயாமிலிருந்து ஒருவர் திரும்பி வந்தார். ஆறுமுகத்தை வாந்திபேதி கொண்டுபோனதைச் சொன்னார். மூங்கில் வெட்டும் இடத்தில் புதைத்தார்களாம். நான் அழவில்லை. கடப்பாரையை எடுத்து அடுப்பை உடைத்தேன்.

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக வேலை பார்த்த டிரெஸ்ஸர் ஒருவர் எங்கள் வீட்டு வரிசைக்கு வந்திருந்தார். கால் வீங்கிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் டின்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"தவிட்டோட இருக்கா? எங்கம்மா வச்சிருந்தீங்க இத? இந்த வீக்கத்துக்கு மருந்தே இதுதாம்மா. அவிச்சுக் குடுங்க, ஒடனே!"

அவருக்குத் தெரியாது. அவர் மேல் தவறில்லை. பட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான் பானையை ஏற்றினேன். வரிசையில் ஐந்து பிள்ளைகள். கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் நான்கு பேர் எழுந்து நடந்தார்கள். ஒரு பிள்ளைக்கு நேரம் கடந்திருந்தது.

இதைப் படிப்பவர்கள் மறக்கக் கூடாது என்பதற்காகக் கணக்கைச் சொல்கிறேன். ஆறுமுகம், முப்பத்து நான்கு வயது. அவர் கிடக்கும் இடம் எனக்குத் தெரியாது. தனம், ஆறு வயது. பட்டுவின் இடது காது, அந்த அறைக்குப் பிறகு கேட்கவே இல்லை. மாவு நான்கு டின். கோதுமை இரண்டு டின், மூன்றே முக்கால் வருடம். ஒரு மணிகூடக் கெட்டுப்போகவில்லை.