கட்டி வைத்த இரும்புக் கதவு

எங்கள் கப்பலில் கோகோ நன்றாக இருக்கும், ஐயா. சும்மா சொல்லக்கூடாது. குண்டு சுடும் போட்டியில் ஜெயித்த பீரங்கிக் கோபுரத்துக்கு மட்டும் அதில் ரம் ஊற்றித் தருவார்கள். வருஷா வருஷம் பின்கோபுரத்துக்காரர்கள்தான் குடித்தார்கள். "என்னப்பா, வெறுங்கோகோ தொண்டைல எறங்குதா?" என்று எங்களைச் சீண்டுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

முன்கோபுரத்தின் அடித்தளம் என் பொறுப்பு. அங்கேதான் வெடிமருந்துக் கிடங்கு. மருந்துப் பைகள் அதிலிருந்து ஒரு நடைவழியாக வந்து, தூக்கியில் ஏறி மேலே பீரங்கிக்குப் போகும். நடைவழியின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும். மேலே எதிரியின் குண்டு விழுந்தாலும் தீ கிடங்குக்குள் இறங்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு பைக்கும் திறந்து திறந்து சாத்திக்கொண்டிருந்தால் எப்படி ஜெயிப்பது? தூக்கிப் பக்கத்துக் கதவைத் திறந்தபடியே கம்பி போட்டுக் கட்டினேன். பைகளை நடைவழியிலேயே அடுக்கச் சொன்னேன். அந்த வருஷம் ரம் எங்களுக்குத்தான்.

கிடங்கில் பை எடுத்துக் கொடுப்பவன் ஈனோக் ட்ரெவின். கார்ன்வால்காரன், மீன்பிடிக் குடும்பம். "போட்டிக்குச் சரிண்ணே. சண்டைக்குப் போறப்பவும் இப்படியேவா? கம்பிய அவுத்துடலாம்ணே" என்றான்.

"பயமா இருந்தா சமையல்கட்டுல போய் உருளைக்கிழங்கு உரிடா" என்றேன், எல்லோர் முன்னாலும். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வடகடல் சண்டையன்று கம்பி அப்படியேதான் இருந்தது. கோபுரத்தில் குண்டு விழுந்தபோது நான் தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தேன். தீ தூக்கி வழியாக இறங்கி, அடுக்கியிருந்த பைகளைப் பிடித்தது. நடைவழியில் நின்ற பையன்களில் ஒருவன்கூட மிஞ்சவில்லை. கிடங்கு மட்டும் வெடிக்கவில்லை. சத்தம் கேட்டதுமே ட்ரெவின் வெளியே ஓடிவந்து, கிடங்குக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டிருக்கிறான். தாழ் வெளிப்பக்கம்தான் இருக்கிறது; அதனால் அவனும் நடைவழித் தீயிலேயே போய்விட்டான். அவன் சாத்தியதால்தான் கப்பல் கரை திரும்பியது. நானும் திரும்பினேன்.

"தூக்கிப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தது யார்?" என்று விசாரணையில் நீங்கள்தான் கேட்டீர்கள். கம்பி உருகிப் போயிருந்தது. "ட்ரெவின்தான், ஐயா. கொஞ்சம் அவசரக்காரன்" என்றேன். செத்தவனுக்கு நல்ல பெயர் இனி எதற்கு என்று நினைத்தேன். இப்போது அதைச் சொல்லவே நாக்கூசுகிறது.

போன வாரம் அவன் மனைவி டாம்சினைப் பார்த்து ஆறுதல் சொல்லப் போனேன். செத்த பையன்களின் தாய்மார்கள் யாரும் அவளோடு பேசுவதில்லையாம். கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். எனக்கு டீயும் குங்குமப்பூ ரொட்டியும் எடுத்து வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவரு செஞ்ச தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேங்க. நீங்க வளத்த பசங்க எல்லாம் போயிட்டாங்களே" என்றாள்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் வாயை அடைத்துவிட்டது. அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

"அழாதம்மா. நான் அவன மன்னிச்சிட்டேன்" என்றேன்.