மிக்கேலம்மா கண்ணு

பாய் கட்டித்தான் கடலுக்குப் போக முடியும்னு இருந்த காலம் அது. நம்ம கூனிமுனையில வீடெல்லாம் பனையோலை. வாசல் கடலைப் பார்த்திருக்கும், அடுப்பு வாசலைப் பார்த்திருக்கும். கை கஞ்சியைக் கிண்டும், கண்ணு கடல்ல இருக்குமாம். கட்டுமரம் கவிழ்ந்தா பொம்பளைங்க கயிறோட ஓடுவாங்களாம். அப்படித்தான் ஆம்பளைங்க உசுரோட கரை சேர்ந்தாங்க.

ஒரு புயல் ஓலையை எல்லாம் அள்ளிட்டுப் போச்சு. செங்கல் வீடு கட்டித் தர சர்க்கார்லருந்து ஒரு ஓவர்சியர் வந்தாராம். அவர் கட்டின வீட்டுக்கெல்லாம் வாசல் ரோட்டைப் பார்த்து. கடல் பக்கம் முழுச் சுவர்.

கட்டுமரக்காரன் தொம்மையோட பெண்டாட்டி மிக்கேலம்மா போய்க் கேட்டாளாம். "ஐயா, அடுப்படியில இருந்தா கடல் தெரியுமா?"

"கடலைப் பார்த்துக்கிட்டா சமைப்பே? உப்புக்காத்து வீட்டை அரிச்சிரும்."

"வீட்டை அரிக்கட்டும். ஆளை முழுங்கக் கூடாதுல்லா."

அவர் சிரிச்சாராம். அவர் சிரிச்சதை விடுங்க, நம்ம ஊர்க்காரனும் கூடச் சேர்ந்து சிரிச்சானே. செங்கல்லைக் கண்டதும் புத்தி போச்சு. "ஓலைக்குள்ள கிடந்தவ வேற எப்படிப் பேசுவா"ன்னானாம். ஓவர்சியருக்குக் கோழி அடிச்சு விருந்து வேற.

குடி போன மாசமே, பட்டப்பகல்ல, தொம்மையோட கட்டுமரம் கரைக்குப் பக்கத்துலயே கவிழ்ந்துச்சு. கூப்பிட்டானாம், கூப்பிட்டானாம். மிக்கேலம்மா அடுப்படியில இருந்தா. முன்னால சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் புருஷன்.

அடக்கம் முடிஞ்சு வந்தவ அழலையாம். கடப்பாரையை எடுத்தா. தன் வீட்டுச் சுவரை இடிச்சா. அடுத்த வீட்டுக்குப் போனா, அதையும் இடிச்சா. அன்னைக்குச் சிரிச்சவனெல்லாம் ஒதுங்கி வழி விட்டானாம்.

ஓவர்சியர் ஓடி வந்தார். "சர்க்கார் சொத்து. ஜெயிலுக்குப் போவே."

"போறேன். முதல்ல இங்க வந்து உக்காரும்." இடிக்காத ஒரு வீட்டு அடுப்படியில உக்கார வச்சாளாம். "கடல் தெரியுதா?"

அவர் சுவரையே பார்த்தார்.

"கேக்குதேன்ல. தெரியுதா?"

"தெரியல."

"என் புருஷனுக்கும் உம்ம சுவர்தான் தெரிஞ்சுது. இந்தா, இதை நீரே இடியும்."

இடிச்சாராம்.

அதுலருந்து இங்க யார் வீடு கட்டினாலும், கடல் பக்கச் சுவர் முழங்கால் உயரம் வந்ததும் கொத்தனார் கரண்டியைக் கீழே வச்சிருவார். கட்டுறவர் அடுப்படியில உக்காரணும். பொம்பளைங்க சுத்தி நின்னு கேப்போம், "கடல் தெரியுதா?"ன்னு. தெரியுற இடத்துல ஜன்னல். அதுக்குப் பேருதான் மிக்கேலம்மா கண்ணு.

போன வருஷம் புதுக் குடியிருப்பு கட்ட வந்த இன்ஜினியரையும் உக்காரச் சொன்னோம். பேண்ட் அழுக்காகும்னார். அந்தக் கடப்பாரை இன்னும் மாதா கோயில்லதான் இருக்குன்னோம்.

உக்காந்துட்டார்.