அடி தெரியும் தண்ணீர்

மஞ்சள் என்று ஒரே ஒரு நிறம் கிடையாது, ஐயா. பெயிண்ட் கடையில் பத்தொன்பது வருடம் நிறம் கலந்து கொடுத்தவன் சொல்கிறேன். எலுமிச்சை மஞ்சள், வைக்கோல் மஞ்சள், பழைய பல் மஞ்சள் என்று அது ஒரு பெரிய குடும்பம். சுவரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரும் சில்லைப் பார்த்து அதே நிறத்தை வாளியில் கொண்டுவந்துவிடுவேன். பிறகு கடைக்கு மெஷின் வந்தது. நான் வீட்டுக்கு வந்தேன்.

இந்த நீச்சல்குள வேலையை வாங்கித் தந்தது என் மனைவியின் அண்ணன். அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு ஒன்று என்றாலும் ஓடி வருவார். ஓடி வந்ததைப் பத்து பேரிடம் சொல்லவும் செய்வார். என்னை ஆட்கள் முன்னால் "நம்ம தண்ணி டாக்டர்" என்று அறிமுகப்படுத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் நின்றால் காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை சொல்வார்.

முதல் வாரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குளோரின் பொடியைக் கண்மதிப்பில் போட்டேன். அன்று குளித்த அத்தனை பேரும் அழுதுவிட்டு வந்தவர்கள் போலக் கண் சிவந்து நின்றார்கள். மச்சான் அவர்கள் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ள, இது சுவரு இல்ல, கண்டதைப் பூசிட்டுப் போறதுக்கு. உள்ள மனுஷங்க இறங்குறாங்க."

நியாயமான பேச்சு. அன்றைக்கே சோதனைப் பெட்டியில் இருந்த விளக்கத்தாளை எடுத்து வரி விடாமல் படித்தேன். முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ஐந்து சொட்டு மருந்து விட்டால் குளோரின் எவ்வளவு என்று மஞ்சள் காட்டும். இன்னொன்றில் ஐந்து சொட்டு விட்டால் தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, காரப் பக்கமா என்று தெரியும். மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. அதில் ஒரு சாயம் விட்டதும் குழாயில் இருக்கும் தண்ணீர் பச்சையாகும். பிறகு இன்னொரு மருந்தை ஒவ்வொரு சொட்டாக எண்ணிக்கொண்டே விட வேண்டும். எத்தனையாவது சொட்டில் சிவப்பாகிறதோ, அதைப் பத்தால் பெருக்கினால் அதுதான் அளவு. நடுவில் எண்ணிக்கை தப்பினால் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஒரே மாதத்தில் தண்ணீர் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. ஒன்பதடிக்குக் கீழே இருக்கும் வடிகால் மூடியின் துளைகளைக் கரையிலிருந்தே எண்ணிவிடலாம். மூன்றாம் மாடி டீச்சரம்மா ஒருநாள், "தண்ணி இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் இறங்குனேன்" என்றார். அதை என் மனைவியிடம் மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை ஆரம்பித்தபோது அவள் எழுந்து போய்விட்டாள்.

பிறகு வடிகட்டி மக்கர் செய்தது. அதற்குள் இருக்கும் மணலை மூன்று வருடமாக யாரும் மாற்றவில்லை. மச்சானிடம் சொன்னேன். பிள்ளைகளின் நீச்சல் போட்டி முடியட்டும் என்றார். ஒரு வாரத்தில் தண்ணீர் அரிசி களைந்த நீர் போல ஆகிவிட்டது. வடிகால் மூடி தெரியாவிட்டால் குளத்தை மூட வேண்டும் என்பது விதி. ஏன் என்று விளக்கத்தாளிலேயே போட்டிருக்கிறது. அடியில் யாராவது கிடந்தால் தெரியாது. நான் 'குளம் மூடப்பட்டுள்ளது' என்ற பலகையை மாட்டினேன். பதிவேட்டில் 'கலங்கல்' என்று எழுதினேன்.

மச்சான் வந்தார். பலகையைக் கழற்றி அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு என் பேனாவையே வாங்கி, 'கலங்கல்' என்பதை அடித்து, அதன் மேலேயே 'தெளிவு' என்று எழுதினார்.

"யாரைக் கேட்டு மூடுன? குளம் என்ன உன் அப்பன் வீட்டுதா?"

"அடி தெரியல மச்சான்."

"அடியில என்ன புதையலா இருக்கு? திறந்து வை. நான் சொல்லாம இனிமே மூடக் கூடாது."

செக்யூரிட்டி பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வரவில்லை. என் கையெழுத்தின் மேல் எழுதியதுதான் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் அவர் தனியாக நீந்த வந்தார். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, துண்டும் செருப்புமாக வருவது அவர் வழக்கம். நான் ஆழப்பக்கக் கரையில் உட்கார்ந்து மூன்றாவது சோதனையைச் செய்துகொண்டிருந்தேன். ஆறாவது சொட்டின்போது அவர் இருமுவது போல் ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கை மார்பில் இருந்தது. இன்னொரு கை தண்ணீரை அடித்தது. ஏழு, எட்டு என்று நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்றில் சிவப்பானது. நூற்றுப் பத்து. நல்ல அளவு. குழாயை மூன்று முறை கழுவிக் கவிழ்த்தேன். ஆறு இருபது என்று நேரம் போட்டு எழுதினேன். பிறகு பார்த்தபோது தண்ணீர் அசையாமல் இருந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கரையில் பொருட்களை விடக் கூடாது என்பதால் அவர் துண்டையும் செருப்பையும் எடுத்து பம்ப் அறையில் வைத்தேன். தண்ணீர் தெறித்து நனைந்திருந்த துண்டை விரித்துப் போட்டேன். ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தால் நாறும்.

ஏழு மணிக்குப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். தான் சொல்லாமல் மூடக் கூடாது என்று மச்சான் சொல்லியிருந்தார். அவர் சொல்லவில்லை. அதனால் நான் மூடவில்லை. பதினான்கு பேர் நீந்தினார்கள். டீச்சரம்மாவின் மகள் நன்றாக மூழ்கக்கூடியவள். ஆழத்திலிருந்து வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், கீழ ஏதோ காலுல பட்டுச்சு. மெத்துனு இருந்துச்சு."

"குழாய்மா. அந்தப் பக்கம் போகாத."

சொன்னபடி கேட்கும் பிள்ளை. அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

பத்து மணிக்கு மச்சானின் மனைவி வந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"உங்க மச்சான் இங்க வந்தாரா?"

"வந்தாரு அக்கா."

"எப்ப கிளம்புனாரு?"

"ஆறே காலுக்கு மேல நான் பாக்கல அக்கா."

இதில் ஒரு சொல் பொய் இல்லை. நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

மத்தியானம் நானும் தேடப் போனேன். இரண்டு ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், உங்கள் ஸ்டேஷன். புகார் எழுதியது என் கைதான். அழகான கையெழுத்து என்று உங்கள் ஏட்டு சொன்னார். என் மனைவி ஒன்றும் சாப்பிடாமல் அண்ணன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு வாய் ஊட்டிவிட்டு, சாயங்காலம் குளத்துக்கு வந்தேன். பிள்ளைகள் போன பிறகு கலங்கலைப் படிய வைக்கும் மருந்தைக் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்தினேன். அந்த மருந்து என் சொந்தச் செலவு.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அழுக்கெல்லாம் அடியில் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. மேலே ஒன்பதடித் தண்ணீரும் கண்ணாடி. அவர் வடிகால் மூடிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். செக்யூரிட்டியை நான்தான் கூப்பிட்டேன். நான் கத்தவில்லை என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். கத்தியிருந்தால் மாடியில் பிள்ளைகள் எழுந்துவிடும்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்களுக்குத் தெரியாதே, தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரத்தில் திருத்திப் பேசுவது முறையில்லை.

இப்போது அந்தக் கம்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். இலை அள்ளும் வலை கோர்த்த கம்பு, பன்னிரண்டு அடி நீளம். வலை கிழிந்திருப்பதை நீங்கள் பார்த்தீர்கள். மச்சானின் விரல் நகத்தில் அதன் நூல் இருந்ததைப் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருக்கிறார். எழுதியது சரிதான். நான் சோதனை செய்தபோது கம்பு என் முழங்காலில் சாய்ந்து, வலை தண்ணீருக்குள் கிடந்தது. எட்டாவது சொட்டின்போது அவர் அதைப் பிடித்தார். குழாய் ஆடியது. கொட்டியிருந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அதனால் குழாயைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பை என் பக்கம் இழுத்தேன். அவர் விடவில்லை. கம்பைத் திருப்பினேன். அப்போது விட்டார். என்னைப் பார்த்து "மாப்பிள்ள" என்றார். மேலே ஏதோ சொல்ல வந்தார். தண்ணி டாக்டர் என்று சொல்ல வரவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு ஒன்பதாவது சொட்டை விட்டேன்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்க்க இடம் இருக்கிறது. அவரை நான் கண்டுபிடித்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தனை பேர் தேடினார்கள், அத்தனை பேர் நீந்தினார்கள். கடைசியில் அந்தக் குடும்பத்துக்கு உதவியது நான் ஒருவன்தான்.